கைபேசிக் குறுஞ்செய்தியும் பதின்பருவக் கர்ப்பத் தடுப்பும்

பெண்கள் 20 வயது நிறைவதற்குள் கருவுறுவது பதின்பருவக் கர்ப்பம் எனப்படுகிறது. புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் 15 முதல் 19 வயது வரையிலானவர்களையே கணக்கில் எடுக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, குறைந்த, நடுத்தர வருவாய் கொண்ட நாடுகளில் இவ்வயதுப் பெண்களிடையே ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் நிகழ்கின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதி, அந்தப் பெண்கள் விரும்பாமலோ எதிர்பாராமலோ உண்டானவை. இளவயதுத் தாய்மார்களுக்குப் பிரசவ கால வலிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய நோய்த்தொற்றும் வரும் வாய்ப்பு கூடுதல். குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறப்பதும் அதிகம். படிப்பு பாதியில் நிற்பது இவற்றோடு சேரும் சமூக விளைவு.

இதைத் தடுக்க வகுப்பறைப் பாடம், ஆலோசனை மையம், இலவசக் கருத்தடைச் சாதனம் எனப் பல வழிகள் பல காலமாக இருந்துவருகின்றன. 2005க்குப் பிறகு அவற்றோடு கைபேசிக் குறுஞ்செய்தியும் சேர்ந்தது. அமெரிக்காவில் தொடங்கிய இந்த முயற்சி பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவியது. எதை அது சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதைச் சொல்லும் அளவுக்கு இப்போது ஆய்வுகள் சேர்ந்துள்ளன.

குறுஞ்செய்தி தேர்ந்தெடுக்கப்பட்ட காரணம்

அமெரிக்காவில் 15–19 வயதுப் பெண்களில் ஆயிரம் பேருக்கு நிகழும் பிரசவங்கள் 1991இல் 61.8 ஆக இருந்தன. 2007இல் அது 41.5 ஆகக் குறைந்திருந்தாலும் வளர்ந்த நாடுகளுக்குள் மிக உயர்ந்த விகிதமாகவே நின்றது. அதே காலத்தில் பதின்பருவத்தினரின் கையில் கைபேசி வந்து சேர்ந்தது. பியூ ஆய்வு மையம் 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 12–17 வயதினரில் நான்கில் மூவரிடம் சொந்தக் கைபேசி இருந்தது. குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கமுள்ளவர்களில் பாதிப் பேர் நாளொன்றுக்கு 50 அல்லது அதற்கு மேற்பட்ட செய்திகளை அனுப்பினார்கள்.

இந்தப் பழக்கத்தில் மூன்று வசதிகளைச் சுகாதாரத் துறையினர் கண்டார்கள். முதலாவது மறைவு. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்கக் கூசும் கேள்வியை முகம் காட்டாமல் கேட்கலாம். இரண்டாவது நேரம். ஆணுறை கிழிந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு விரைவில் விழுங்குகிறோமோ அவ்வளவு பலன். திங்கட்கிழமை பள்ளி திறக்கும் வரை அந்தக் கேள்வி காத்திருக்க முடியாது. மூன்றாவது செலவு. ஒரு செவிலியர் ஒருவரிடம் பேசும் நேரத்தில் கணினி ஆயிரக்கணக்கானோருக்குச் செய்தி அனுப்பிவிடும். இணைய வசதியோ ஸ்மார்ட்போனோ இல்லாத சாதாரண பட்டன் போனிலும் குறுஞ்செய்தி வரும் என்பது ஏழை நாடுகளுக்குப் பெரிய அனுகூலம்.

கேள்விக்குப் பதில் தரும் சேவைகள்

இத்துறையின் முன்னோடி சான் பிரான்சிஸ்கோ நகரின் ‘செக்ஸ்இன்ஃபோ’ சேவை. அந்நகரில் ஆப்பிரிக்க-அமெரிக்க இளைஞர்களிடையே கொனோரியா நோய் பெருகியதைத் தொடர்ந்து, நகரப் பொது சுகாதாரத் துறையும் ஐசிஸ் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2006 ஏப்ரலில் இதைத் தொடங்கின. சேவையின் பெயரை ஒரு குறுகிய எண்ணுக்கு அனுப்பினால் ஒரு பட்டியல் வரும். ஆணுறை கிழிந்துவிட்டதா, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகமா, பால்வினை நோய் பற்றித் தெரிய வேண்டுமா என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டைத் திருப்பி அனுப்பினால் சுருக்கமான விளக்கமும் பக்கத்தில் உள்ள மருத்துவ மையத்தின் விவரமும் கிடைக்கும். முதல் 25 வாரங்களில் 4,500 விசாரிப்புகள் வந்தன. அவற்றில் 2,500 விசாரிப்புகளில் அடுத்த கட்டத் தகவலும் மைய விவரமும் கேட்டுப் பெறப்பட்டன. பதில்கள் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை, மறுமுனையில் மனிதர் யாரும் இல்லை.

வட கரோலினா மாநிலம் வேறு வழியில் சென்றது. டர்ஹம் நகரைச் சேர்ந்த பதின்பருவக் கர்ப்பத் தடுப்பு அமைப்பு ஒன்று 2009 பிப்ரவரியில் தொடங்கிய கேள்விச் சேவையில், ஒவ்வொரு கேள்வியையும் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் படித்து 24 மணி நேரத்துக்குள் பதில் எழுதினார். அந்த மாநிலத்தின் அன்றைய நிலைமையோடு சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். திருமணம் வரை பாலுறவைத் தவிர்ப்பதே பள்ளிப் பாடத்தின் மையமாக இருந்தது. கருத்தடை முறைகளையும் சேர்த்துக் கற்பிக்க வகைசெய்யும் சட்டம் 2009இன் நடுப்பகுதியில்தான் நிறைவேறியது. வகுப்பறை சொல்லாமல் விட்டதைக் கைபேசி சொல்ல வேண்டியிருந்தது. நோயைக் கணிப்பதோ மருந்து எழுதித் தருவதோ ஊழியர்களின் வேலை அல்ல என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. மருத்துவரிடமோ நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ போகச் சொல்வது பதில்களின் வழக்கமான பகுதி. இத்தகைய சேவையைப் பின்னர் வேறு சில மாநிலங்களும் ஏற்றன.

கேள்விச் சேவைகளின் பலன் வெளிப்படையானது. எதைத் தெரிந்துகொள்ள இளைஞர்கள் தவிக்கிறார்கள் என்பதை அவை பதிவு செய்தன. ஆனால் கேட்பவர் பெயர் தெரியாதவர் என்பதால், பதில் கிடைத்தபின் அவர் மருத்துவ மையத்துக்குப் போனாரா, கர்ப்பம் தவிர்க்கப்பட்டதா என்பதைத் தொடர்ந்து பார்க்க வழியில்லை. மறைவுதான் சேவையின் பலம், அதை அளக்க முடியாமல் செய்வதும் அதே மறைவுதான்.

நினைவூட்டல்

கருத்தடை மாத்திரையைத் தினமும் தவறாமல் எடுத்துக்கொண்டால் ஓராண்டில் ஆயிரம் பெண்களில் மூவர்தான் கருவுறுவார்கள். நடைமுறையில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குச் சுமார் 70. இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம் மறதியும் இடையில் நிறுத்திவிடுவதும்தான். நினைவூட்டும் செய்தி இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 82 பெண்கள் இடம்பெற்றார்கள். மாத்திரை எடுப்பதை மின்னணுக் கருவி பதிவு செய்தது. தினமும் செய்தி பெற்றவர்கள் ஒரு சுழற்சிக்குச் சராசரியாக 4.9 மாத்திரைகளையும் செய்தி பெறாதவர்கள் 4.6 மாத்திரைகளையும் தவறவிட்டார்கள். அதாவது வேறுபாடே இல்லை. செய்தி பெறாத குழுவினரில் பலர் கைபேசி அலாரம் போன்ற ஏற்பாட்டைத் தாங்களாகவே செய்துகொண்டிருந்தது ஒரு காரணம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இதைவிடப் பெரியது. 25 வயதுக்குட்பட்ட 962 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் தினந்தோறும் செய்தி போனது. வெறும் நினைவூட்டலோடு நிற்காமல், மாத்திரை எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் எப்படி எடுப்பது என்பனவற்றையும் அந்தச் செய்திகள் விளக்கின. ஆறு மாத முடிவில் செய்தி பெற்றவர்களில் 64 சதவீதமும் பெறாதவர்களில் 54 சதவீதமும் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். செய்தி நின்றபின் அந்த வேறுபாடு தேய்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டிய கருத்தடை ஊசிக்காகப் பால்டிமோர் நகர இளம்பெண்களுக்கு நினைவூட்டல் அனுப்பியபோதும் அதே போக்குதான். முதல் ஊசிக்கு உரிய நாளில் வந்தவர்கள் கூடினார்கள், அடுத்தடுத்த ஊசிகளில் அந்தப் பலன் குறைந்தது.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ‘மாத்திரை எடுத்தாயா’ என்ற கேள்வியைவிட ‘ஏன் எடுக்க வேண்டும், தலைச்சுற்றல் வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்ற விளக்கம் பயன் தருகிறது என்பதும், அது வந்துகொண்டிருக்கும் வரைதான் பயன் நீடிக்கிறது என்பதும் தெரிகின்றன.

தொடர் பாடங்கள்

குறிப்பிட்ட வாரங்களுக்குத் திட்டமிட்ட வரிசையில் செய்திகளை அனுப்பிக் கற்பிப்பது மூன்றாவது வகை. இதில் அதிகம் பேசப்படுவது கானாவின் தலைநகர் அக்ராவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. 38 பள்ளிகளைச் சேர்ந்த 756 மாணவிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் இனப்பெருக்க நலம் பற்றிய செய்தி வந்தது. இன்னொரு குழுவுக்கு அதே விஷயம் வினாடி வினாவாக வந்தது. விடையைத் திருப்பி அனுப்பினால் அது சரியா என்பதற்கான விளக்கம் வரும், சரியான விடைகளுக்குப் பேசும் நேரம் பரிசாக டாப்-அப் ஆகும். மூன்றாவது குழுவுக்கு ஒப்பீட்டுக்காக மலேரியா பற்றிய செய்திகள் போயின.

12 வாரப் பாடத்துக்குப் பிறகு, மூன்றாவது மாதத்தில் நடந்த சோதனையில் மலேரியாச் செய்தி பெற்றவர்களைவிட, வெறும் செய்தி பெற்றவர்களின் அறிவு மதிப்பெண் 11 புள்ளிகளும் வினாடி வினாக் குழுவின் மதிப்பெண் 24 புள்ளிகளும் அதிகம். பதினைந்தாம் மாதத்திலும் அந்த அறிவு முழுவதும் மறைந்துவிடவில்லை. ஏற்கெனவே பாலுறவு அனுபவம் உள்ளவர்களில் தாங்கள் கருவுற்றதாகச் சொன்னவர்கள் செய்தி பெற்ற இரு குழுக்களிலும் கணிசமாகக் குறைவு. அவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்காமல் இந்த முடிவை எடுத்துக்கொள்ள வேண்டும். எனினும், பதில் கேட்கும் செய்தி வெறுமனே வந்து விழும் செய்தியைவிட மனத்தில் நன்றாகத் தங்குகிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது.

அமெரிக்காவின் ‘கேர்ள்2கேர்ள்’ திட்டம் வழக்கமான பாடத்திட்டங்கள் கவனிக்காத ஒரு பிரிவினருக்காக உருவானது. பெண்களை விரும்பும் பெண்களும் இருபாலரையும் விரும்பும் பெண்களும் பதின்பருவத்தில் கருவுறும் விகிதம் மற்றப் பெண்களைவிட அதிகம் என்பது அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அவர்களில் 14–18 வயதுள்ள 948 பேர் சமூக ஊடகம் வழியே சேர்க்கப்பட்டார்கள். ஏழு வாரம் தினமும் செய்தியும் பிறகு ஒரு வார நினைவூட்டல் பாடமும் அனுப்பப்பட்டன. 2021இல் வெளியான முடிவில் ஆணுறையும் பிற கருத்தடை முறைகளும் பயன்படுத்துவது கூடியிருந்தது. கர்ப்ப எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

டென்வர் நகரில் இளைஞர் மன்றங்களில் நடந்துவந்த நேரடி வகுப்போடு குறுஞ்செய்தியைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஸ்பானிய மரபினரிடம் மட்டும் செய்தியும் பெற்றவர்களில் கர்ப்பம் 1.79 சதவீதம், வகுப்பு மட்டும் பெற்றவர்களில் 6.72 சதவீதம்.

அறிவு கூடியும் நடத்தை மாறாத இடங்கள்

எஃப்.எச்.ஐ. 360 என்ற அமைப்பு 2010 முதல் கென்யாவிலும் தான்சானியாவிலும் ‘எம்4ஆர்எச்’ என்ற தகவல் சேவையை நடத்தியது. கைபேசி வைத்திருக்கும் எவரும் ஒரு குறியீட்டை அனுப்பி, ஆணுறை முதல் காப்பர் டி வரை ஒவ்வொரு முறையைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம், அருகிலுள்ள மையத்தையும் தேடலாம். கென்யாவில் 13,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஒப்பீட்டு ஆய்வு, முழுச் சேவையைப் பெற்றவர்களின் அறிவு மதிப்பெண் 13 சதவீதம் அதிகம் என்று கண்டது. கருத்தடைப் பயன்பாட்டில் மாற்றம் இல்லை.

பிரிட்டனின் ‘சேஃப்டெக்ஸ்ட்’ ஆய்வு இன்னும் பெரிய எச்சரிக்கை. அது கர்ப்பத்தைவிடப் பால்வினை நோயைப் பற்றியது என்றாலும் ஆணுறைப் பழக்கமே இரண்டுக்கும் பொது. 16–24 வயதில் கிளமிடியா, கொனோரியா போன்ற தொற்றுக்குச் சிகிச்சை பெற்ற 6,248 பேரில் பாதிப் பேருக்கு, நோய் வந்ததற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை என்றும் ஆணுறை பயன்படுத்தும்படியும் சொல்லும் செய்திகள் ஓராண்டு அனுப்பப்பட்டன. 2022இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 20.3 சதவீதத்தினருக்கும் மீண்டும் தொற்று வந்தது. ஆணுறைப் பயன்பாடு சற்றுக் கூடியிருந்தும் மறுதொற்று குறையவில்லை, கூடியது. புதிய துணைகளோடு உறவு கொண்டவர்களும் செய்தி பெற்றவர்களிடையே சற்று அதிகம். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட செய்தி தீங்கே செய்யாது என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு அசைத்துவிட்டது.

அறிவு நடத்தையாக மாறாததற்குக் காரணங்கள் கைபேசிக்கு வெளியே இருக்கின்றன. மாத்திரை வாங்கக் காசு வேண்டும், மையத்துக்குப் போகப் பேருந்து வேண்டும், போனால் ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்காத செவிலியர் வேண்டும். ஆணுறை அணிய மறுக்கும் ஆணிடமும் வற்புறுத்தலின்கீழ் நடக்கும் உறவிலும் பெண்ணுக்கு வந்த செய்தி செல்லுபடியாவதில்லை. கொலராடோ மாநிலத்தின் அனுபவத்தை இதனோடு ஒப்பிடலாம். 2009 முதல் அங்கே நீண்ட காலம் பலன் தரும் கருப்பையுள் சாதனங்களும் தோலடிச் சாதனங்களும் மருத்துவ மையங்களில் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ கிடைத்தன. ஐந்தாண்டுகளில் பதின்பருவப் பிரசவங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஒரு முறை பொருத்தினால் பல ஆண்டு வேலை செய்யும் சாதனத்துக்குத் தினசரி நினைவூட்டலே தேவையில்லை.

செய்தியை வடிவமைப்பதில் உள்ள நுட்பங்கள்

முதலில் கைபேசி யாருடையது என்று பார்க்க வேண்டும். ஏழை நாடுகளில் பெண் பயன்படுத்தும் கைபேசி பல வீடுகளில் தாயுடையதோ கணவருடையதோ ஆகும். திரையில் தானாகத் தோன்றும் ஒரு வரி ரகசியத்தை உடைத்துவிடும். அதனால் அனுப்புநர் பெயரில் சேவையின் நோக்கம் தெரியாமல் பார்த்துக்கொள்வதும், பயனர் கேட்டால் மட்டும் விவரம் அனுப்புவதும், ஒரு சொல்லில் சேவையை நிறுத்த வசதி தருவதும் நல்ல திட்டங்களின் அடிப்படைகள்.

மொழியும் இடமும் அடுத்த சிக்கல். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழ் உள்ளிட்ட யுனிகோட் எழுத்துகளில் அது 70 குறிகள் மட்டுமே. தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படும். ஐந்தெழுத்துள்ள ‘கருத்தடை’ என்ற சொல்லே எட்டுக் குறிகளை எடுத்துக்கொள்கிறது. எனவே தமிழில் ஒரு செய்திக்குள் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் அடங்குவது கடினம். அதற்கு மேல் போனால் செய்தி துண்டுகளாகப் பிரியும், செலவும் பெருகும்.

படிப்பறிவு குறைந்தவர்களுக்குக் குரல் செய்தி மாற்றாகிறது. கம்போடியாவில் கருக்கலைப்புக்குப் பின் கருத்தடை பற்றிய தானியங்கிக் குரல் அழைப்புகள் 500 பெண்களிடம் சோதிக்கப்பட்டன. அழைப்பின்போது ஒரு பொத்தானை அழுத்தினால் ஆலோசகர் பேசுவார். நான்காம் மாதத்தில் பலன் தரும் கருத்தடை முறையைப் பயன்படுத்தியவர்கள் அழைப்பு பெற்ற குழுவில் 64 சதவீதம், மற்றதில் 46 சதவீதம். ஓராண்டில் அந்த இடைவெளி சுருங்கி, உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்தது. இங்கே வேலை செய்தது குரல் மட்டுமல்ல, அதன் பின்னால் காத்திருந்த மனிதரும்தான்.

குறுஞ்செய்தியின் இடத்தை இப்போது வாட்ஸ்அப்பும் உரையாடு செயலிகளும் பிடித்துவருகின்றன. பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பு 2019 ஜனவரியில் பதின்பருவத்தினருக்காக ‘ரூ’ என்ற உரையாடு செயலியை வெளியிட்டது. கேள்விக்கு உடனே பதில் வருவது இதன் வசதி. பதிலின் பிழைக்கு யார் பொறுப்பு, உரையாடல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பவை இதனோடு வந்த புதிய கேள்விகள்.

அளவிடுவதில் உள்ள தடைகள்

பல ஆய்வுகள் கர்ப்பத்தையே அளப்பதில்லை. அறிவையும் மனநிலையையும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. கர்ப்பம் ஒப்பீட்டளவில் அரிதான நிகழ்வு என்பதால் சில நூறு பேரைக் கொண்ட ஆய்வில் வேறுபாடு தெரிவது கடினம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் தகவலில் மறைத்துச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவில் 15–19 வயதினரின் பிரசவ விகிதம் 2023இல் ஆயிரத்துக்கு 13.1 ஆகிவிட்டது. குறுஞ்செய்தித் திட்டம் நடந்த ஊரிலும் நடக்காத ஊரிலும் அது சரிந்தது. 2007க்குப் பிந்தைய சரிவுக்கு முதன்மைக் காரணம் கருத்தடைப் பயன்பாடு மேம்பட்டதே என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாமல் வெற்றி கோரும் எந்தத் திட்டத்தையும் அப்படியே ஏற்க முடியாது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் பதின்பருவக் கர்ப்பம் பெரும்பாலும் திருமணத்துக்குள்ளேயே நிகழ்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15–19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். திரிபுராவில் அது 21.9 சதவீதம். தமிழ்நாட்டில் முந்தைய கணக்கெடுப்பில் 5 சதவீதமாக இருந்தது 6.3 சதவீதமாகக் கூடியது. நாடு முழுவதும் 20–24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் நடந்திருந்தது. இங்கே குறுஞ்செய்தி பேச வேண்டியது மாணவியிடம் மட்டுமல்ல. புதிதாக மணமான பெண், அவள் கணவர், மாமியார் ஆகியோரிடமும் பேச வேண்டும். குழந்தைத் திருமணத் தடுப்பே முதல் கர்ப்பத் தடுப்பு.

கைபேசியும் எல்லோருக்கும் சொந்தமில்லை. அதே கணக்கெடுப்பில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். மத்திய அரசு 2016இல் தொடங்கிய ‘கில்காரி’ சேவை எழுத்தை விட்டுக் குரலைத் தேர்ந்தது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஓர் அழைப்பு வரும். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் வழிகளும் அதில் இடம்பெறுகின்றன. பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா உருவாக்கிய ‘ஸ்நேஹ்ஏஐ’ உரையாடு செயலி இளைஞர்களின் கேள்விகளுக்கு இந்தி கலந்த ஆங்கிலத்தில் பதில் தருகிறது.

சட்டமும் ஒரு தடை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு குற்றம், அது தெரியவந்தவர் புகார் செய்தாக வேண்டும். இதனால் உதவி கேட்டுச் செய்தி அனுப்பச் சிறுமி அஞ்சுகிறாள், பதில் சொல்ல ஊழியர் அஞ்சுகிறார். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் அடையாளத்தை அந்தப் புகாரில் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. ரகசியத்துக்கு உறுதி தர விரும்பும் எந்தக் கைபேசிச் சேவையும் இந்தச் சட்ட எல்லையைப் பயனருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முடிவு

இதுவரை சேர்ந்த சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். குறுஞ்செய்தி அறிவைக் கூட்டுகிறது, பதில் கேட்கும் செய்தி அதை இன்னும் நன்றாகக் கூட்டுகிறது. ஏற்கெனவே ஒரு முறையைத் தொடங்கிவிட்ட பெண் அதைத் தொடர, விளக்கத்தோடு வரும் தினசரிச் செய்தி ஓரளவு உதவுகிறது, நின்றால் பலனும் நிற்கிறது. தனியாக அனுப்பப்படும் செய்தி கர்ப்பங்களைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. நிதி ஒதுக்கும் அரசுகள் முதலில் இளம்பெண் கூச்சமின்றி நுழையக்கூடிய மருத்துவ மையத்தையும் அங்கே இலவசமாகக் கிடைக்கும் கருத்தடைச் சாதனத்தையும் உறுதி செய்ய வேண்டும். அந்த மையத்துக்கு வழி சொல்லும் வேலையைக் குறுஞ்செய்தி மலிவாகவும் திறமையாகவும் செய்யும். மையமே இல்லாத ஊரில் அதனால் எந்தப் பயனும் இல்லை.